முன்னோலையும் பின்னோலையும்

தாமிரவருணி கடலொடு கலக்குமிடத்திற்கு வடபால், கடற்கரையினின்றும் ஏறக்குறைய ஐந்து மைல் உள்ளே தள்ளி, வயலும் வாழையும் குளமும் சூழ்ந்த சிற்றூராய் இன்று காட்சியளிக்கும் கொற்கையைப் பற்றி எழுதப் புகுவோர் அனைவரும் முத்தையே முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். யவன பூகோள ஆசிரியராகிய தாலமி குறித்த 'கொல்கோய்' என்னும் துறை இதுவே என்பதும், கால்டுவெல் ஐயர் இவ்வூர் மண்ணை அகழ்ந்து பார்த்தார் என்பதும், 1968-69-இல் தமிழக அரசின் தொல்பொருள் துறையினர் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு கி.மு. எட்டாம் நூற்றாண்டினது என்று கணிக்கப்பட்டது என்பதும் பலரும் அறிந்த செய்திகள். அவற்றை ஈண்டு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாம் எடுத்துக்கொண்ட விஷயம் முத்தைப் போல் ஒளிவீசாத ஒன்று: நிலத்துக்கு ஆவணம் எழுதும் தொழில், அதிலும் குறிப்பாக, முன்னைய ஆவணத்தைப் பார்த்துப் பின்னைய ஆவணத்தை ஆக்கிக்கொள்ளும் அதன் பழஞ்சம்பிரதாயம். அதற்கும் கொற்கைக்கும் என்ன சம்பந்தம் எனின், பாண்டியர் செப்பேடுகளுள் மிகப் புகழ்பெற்றதாகிய வேள்விக்குடிச் செப்பேடு கொற்கைகிழான் ஒருவனுடைய காணியைப் பற்றியதேயாம்.

அச்செப்பேட்டின் வரலாறு பின்வருமாறு. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி என்னும் பழம் பாண்டியன், கொற்கைகிழான் நற்கொற்றன் என்பான் வேள்வி ஒன்றை முற்றுவித்தமை கருதி, அவ்வேள்வி நிகழ்ந்த ஊரை வேள்விக்குடி என்று பெயரிட்டு அவனுக்கே வழங்கினான். நெடுங்காலம் அவன் மரபினர் அதனை அனுபவித்து வந்தனர். பின்னர்க் களப்பிரர் ஆட்சி வந்தது, பழைய காணிகள் பல பறிபோயின, இதுவும் போயிற்று. எட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பராந்தகன் நெடுஞ்சடையனது மூன்றாம் ஆட்சியாண்டில், அரசன் கூடல் நகரில் எழுந்தருளியிருந்தபொழுது ஒருவன் முன்னே வந்து ஓலமிட்டு முறையிட்டான். அவன் கொற்கைகிழான் காமக்காணி நற்சிங்கன். தன் முன்னோர்க்கு அரசனுடைய முன்னோர் அளித்த ஊர் அயலார் கைப்பட்டு மீளாதிருப்பதை அவன் எடுத்துரைத்தான். அரசன் முறுவலித்து, அங்ஙனமாயின் அதன் பழமையை நாட்டார் வாயிலாக மெய்ப்பித்துக் கொள்க என்றான். அவன் மெய்ப்பித்தான். 'எம் முன்னோர் கொடுத்ததை யாமும் கொடுத்தோம்' என்ற கருத்தமைய அரசன் அவ்வூரை மீண்டும் அளித்து, அளித்ததைச் செம்பில் பொறிக்கச் செய்தான். வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலுமாகப் பத்து ஏடுகளில் அமைந்த அச்சாசனம் இப்பொழுது லண்டன் மாநகரத்துப் பிரிட்டிஷ் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

இதில் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பராந்தகன் கொடுத்தது புதுத் தானம் போலத் தோன்றினும் உண்மையில் அது பழந்தானத்தின் மறுபதிப்பே. முதுகுடுமி கொடுத்தது இன்னது, பெற்றவன் இன்னான், கெட்டது இவ்வாறு, மீண்டது இவ்வாறு என்று முன்னைய பாத்தியத்தின் வரலாறு முழுவதையும் தன் வயிற்றில் அடக்கிக்கொண்டே புதிய சாசனம் பிறக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் அகப்பட்ட தளவாய்புரச் செப்பேடும் பழைய அறத்தைப் புதுப்பித்த சாசனமே. சொல்லமைப்பிலும் இவற்றுக்குள் பெரிதும் ஒற்றுமை உண்டு. சந்திர குலம், அகத்தியர் குல குருவாய் இருந்தமை, இமயத்தில் கயல் பொறித்தமை ஆகிய செய்திகள் பாண்டியர் செப்பேடுகளில் சிறு வேற்றுமைகளோடு திரும்பத் திரும்ப வரும். வேள்விக்குடிச் சாசனத்தின் தமிழ்ப் பகுதியை யாத்த சேனாபதி ஏனாதி சாத்தஞ்சாத்தனும், அதனைச் செம்பில் வெட்டிய யுத்தகேசரிப் பெரும்பணைகாரனும் தத்தம் பெயரை அதிலேயே பதித்துச் சென்றிருக்கின்றனர். எழுதியவன் தன் பெயரை ஈற்றில் இடும் அவ்வழக்கம் இன்றுவரை மாறவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

சாசனத்துக்கு ஒரு சட்டகம் வேண்டும் என்பது இந்நாட்டில் மிகப் பழைய எண்ணம். தானம் செய்யும் அரசன் எதிர்காலத்து அரசர்கள் அறிந்துகொள்ளும் பொருட்டுத் தன் வம்சத்தையும், தானத்தின் அளவையும், எல்லையையும் துணியிலேனும் செப்புத் தகட்டிலேனும் எழுதுவித்து முத்திரை இட வேண்டும் என்று யாக்ஞவல்கிய ஸ்மிருதி விதிக்கிறது. கூர்ஜர தேசத்தில் லேகபத்ததி என்ற பெயரால் ஒரு நூலே தொகுக்கப்பட்டது. விற்பனை, அடைமானம், கடன், தானம் என ஒவ்வொன்றுக்கும் மாதிரி வாசகம் தருவது அதன் நோக்கம். ஐரோப்பாவில் பிராங்கியர் நாட்டுத் துறவியாகிய மார்குல்பு ஏழாம் நூற்றாண்டில் இத்தகைய மாதிரிகளை இரண்டு பகுதிகளாகத் தொகுத்து வைத்தார். பெயர் வர வேண்டிய இடத்தில் 'இன்னான்' என்றும், ஊர் வர வேண்டிய இடத்தில் 'இன்ன ஊர்' என்றும் நிறுத்திவிட்டு மற்றவற்றை எல்லாம் முழுமையாகத் தந்துவிடும் முறையை அங்கே காணலாம். தமிழ்நாட்டுக் கரணத்தார்க்கோ கோயிற்சுவரே மாதிரி நூலாய் இருந்தது.

பிற்காலத்துக் கல்வெட்டுகளின் முகப்பில் நிற்கும் மெய்க்கீர்த்தி இச்சட்டகங்களுள் தலையாயது. முதலாம் இராசராசன் காலத்தில் நிலைபெற்ற அவ்வழக்கம் பாண்டியரிடத்தும் பரவி, ஒவ்வோர் அரசனுக்கும் தனித்தனியே ஒரு மங்கலச் சொல்லொடு தொடங்கும் அகவலாய் வளர்ந்தது. ஒருமுறை இயற்றப்பட்ட மெய்க்கீர்த்தி நாடெங்கும் ஓலையிற் செல்லும். எந்தக் கோயிலில் எவர் விளக்கெரிக்க ஆடு கொடுத்தாலும், எந்தச் சபை நிலம் விற்றாலும், அதன் தலைப்பில் அதே அகவல் ஏறும். சோணாட்டை வென்று தஞ்சையையும் உறந்தையையும் செந்தழற்கு இரையாக்கிய முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியனது பெருமை இங்ஙனம் கால்காணி நிலத்து விற்பனைக்கும் முகவுரையாய் அமைந்தது! இதனை வீண் ஆடம்பரம் என்று தள்ளிவிடுதல் தகாது. சடையவர்மன், மாறவர்மன் என்ற பட்டங்களையே மாறி மாறிப் புனைந்தும், குலசேகரன், சுந்தரன், வீரன் என்ற பெயர்களையே மீண்டும் மீண்டும் சூடியும் ஆய்வாளரைத் திகைக்கவைக்கும் பாண்டியருள் இன்னாரை இன்னார் என்று பிரித்தறிவதற்கு மெய்க்கீர்த்தியின் முதலடியே பல இடங்களில் கைகொடுக்கிறது. மேலும், ஒரு சுவரிற் சிதைந்த வரியை மற்றொரு சுவரில் உள்ள அதன் பிரதி நிரப்பிக் கொடுக்கிறது.

சட்டகத்தின் வேலையை இன்னும் தெளிவாகக் காண விரும்புவோர் திருச்செந்தூர்க் கல்வெட்டை நோக்கலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் வரகுண மகாராசர் அக்கோயிற் சுப்பிரமணியக் கடவுளின் ஆண்டுச் செலவுக்காக 1400 பழங்காசுகளை அளித்தார். அவற்றை ஒரே இடத்தில் வையாமல் கொற்கை முதலாய பல ஊர்களின் சபையாரிடத்தும் ஊராரிடத்தும் பகிர்ந்து கொடுத்து, காசொன்றுக்கு ஆண்டிற்கு இரு கலம் நெல் வட்டியாகக் கோயிலுக்கு அளந்துவர ஏற்பாடு செய்தார். முதல் கெடாமல் பொலி கொண்டு செலுத்துதல் என்பது நிபந்தனை. அந்நீண்ட கல்வெட்டைப் படித்துச் செல்பவர் சில வரிகளிலேயே அதன் நடையைப் பிடித்துவிடுவர். வாக்கியம் ஒன்றே, அதில் ஊரின் பெயரும், காசின் தொகையும், அதற்கேற்ற நெல்லின் அளவும் மட்டும் மாறிக்கொண்டே போகின்றன. கவிச்சுவை தேடுவார்க்கு இது சலிப்பூட்டும். கணக்குப் பார்க்கும் கோயிற் கண்காணிக்கோ, எந்த ஊரின் வாக்கியத்திலும் கண்ணை எங்கே வைத்தால் தொகை அகப்படும் என்பது தேடாமலே தெரியும்.

தனியார் நில விற்பனையிலும் இவ்வாறே. பாண்டி நாட்டுக் கல்வெட்டுகளில் விலையாவணம் வருமிடமெல்லாம் சொற்கள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். நிலத்தின் எல்லையைக் கீழ்பால், தென்பால், மேல்பால், வடபால் என்று முறையே சொல்லி, இவ்விசைத்த பெருநான்கெல்லைக்கும் உட்பட்டது என முடிப்பர். மேல் நோக்கின மரமும் கீழ் நோக்கின கிணறும் அடங்க என்பர். உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த நிலம் எதையும் விட்டுவிடாமற் சேர்ப்பர். எம்மில் இசைந்த விலைப்பொருளை ஆவணக்களியே கைச்செலவறக் கைக்கொண்டமை கூறுவர். இதுவே விலையோலை, இதுவே பொருள் மாவறுதிப் பொருட்செலவோலை, இதுவன்றி வேறு ஓலை காட்டக் கடவதன்று என்று பிற்கால வழக்குகளுக்கு எல்லாம் முற்கூட்டியே கதவடைப்பர். இறுதியில் 'இப்படிக்கு இவை இன்னார் எழுத்து' என்று கையெழுத்துகள் அணிவகுக்கும். இவ்வாசகங்களைத் தனித்தனியே ஒவ்வொரு கரணத்தானும் புனைந்தான் என்று கருத இடமில்லை. ஒவ்வொரு தொடரும் எப்பொழுதோ எழுந்த ஒரு தகராற்றுக்குக் கண்ட பரிகாரம். அது ஓலையில் ஏறியபின் இறங்குவதே இல்லை.

பழைய ஓலையைப் பார்த்து எழுதுந்தொறும் மூலம் எது, படி எது என்ற ஐயம் உடன் எழுதல் இயல்பு. பெரியபுராணத்தில் திருவெண்ணெய்நல்லூர்ச் சபையின் முன் கிழவேதியர் அடிமையோலை காட்டும் இடத்தை நினைவுகூர்க. கிழித்தெறியப்பட்டது படியோலையே என்றும் மூலவோலை தம்மிடம் உண்டு என்றும் அவர் கூற, சபையார் அதனை வாங்கிக் கரணத்தானைக் கொண்டு வாசிப்பித்து, எழுதியவனுடைய கையெழுத்தை அவன் எழுதிய வேறோர் ஓலையொடு ஒத்துப் பார்க்கின்றனர். சேக்கிழார் அமைச்சராயிருந்தவர் என்பது மரபு; அவ்விசாரணையின் ஒழுங்கைப் படிப்பவர்க்கு அம்மரபில் ஐயம் எழாது. சட்டகம் எல்லார்க்கும் தெரிந்ததாய் இருப்பதால், பொய்யோலை புனைவார்க்கும் அது உதவும் என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர். கன்னட நாட்டில் கங்கர் பெயரால் வழங்கிய செப்பேடுகள் பலவற்றைப் பிளீட் துரை போலியென்று தள்ளினார். அவற்றிலும் வம்சாவளியும் எல்லையும் சாபமும் அததற்குரிய இடத்திலேயே இருந்தன!

விசயநகரத்தார் ஆட்சியில் தெற்கே வந்து படிந்த மற்றொரு சொற்றொகுதி அஷ்டபோகம் என்பது. நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷீணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்னும் எட்டுரிமைகளும் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சூரிய சந்திரர் உள்ளவரை, தானாதி வினிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய்ப் பெறுபவரைச் சேரும். பேரரசன் ஓர் ஊரையே தாரைவார்த்துக் கொடுக்கும்போது இது பொருந்தும். ஆனால், தூத்துக்குடிச் சாலையோரத்தில் மூன்று சென்ட் மனை வாங்குபவனுடைய பத்திரத்திலும் நிதி நிக்ஷேபங்கள் குறைவின்றி இடம்பெறுவதைக் கண்டால் நகைக்காமல் இருக்க முடியாது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் அகப்பட்டால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்திலேயே சட்டம் வந்துவிட்டது. பத்திரத்து வாசகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. எழுதுகிறவர்க்கு அதை நீக்கும் துணிவு இல்லை. முன் பத்திரத்தில் இருந்ததைப் பின் பத்திரத்தில் விட்டால், விட்டது ஏன் என்று எவரேனும் கேட்கக் கூடுமன்றோ?

ஆங்கிலேயர் ஆட்சியில் 1864-ஆம் வருஷத்து 16-ஆவது சட்டம் பதிவு முறையை ஒழுங்குபடுத்தியது. பலமுறை திருத்தப்பட்டு, 1908-ஆம் வருஷத்துச் சட்டமாக அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அசையாச் சொத்தைப் பற்றிய பத்திரம் ஒவ்வொன்றும் ரிஜிஸ்தர் கச்சேரியில் முதற்புத்தகம் எனப்படும் பெரும் பேரேட்டில் எழுத்துக்கு எழுத்து நகல் செய்யப்பட வேண்டும். வரியிடை எழுத்து, வெற்றிடம், அழித்தல், மாற்றல் ஆகியவற்றுக்குப் பக்கத்திலே எழுதிக்கொடுப்பவர் கையொப்பமோ சுருக்கெழுத்தோ இல்லாவிடின் பதிவதிகாரி பத்திரத்தை மறுக்கலாம். சர்வே இலக்கமும் நாற்புறத்து எல்லையும் கண்டிருக்க வேண்டும். கல்லிலும் செம்பிலும் இருந்த அடைசலான வாசகம் இதனால் சுருங்கிற்றா என்றால், இல்லை. பழைய தொடர்கள் நின்றவாறு நிற்க, சர்வே நம்பர், ஏக்கர், சென்ட், முத்திரைத்தாள் எண் ஆகியவை அவற்றின் நடுவே வந்து அமர்ந்தன.

இக்காலத்தில்தான் பத்திரம் எழுதுவோர் என்னும் வகுப்பார் ஊர் ஊராய்த் தலையெடுத்தனர். தாமிரவருணிக் கரையில் ரிஜிஸ்தர் கச்சேரி உள்ள ஊர்களில் அதன் வாயிலை ஒட்டிய திண்ணைகளிலும் ஓலைச் சார்ப்புகளிலும் சாய்வுப் பெட்டியை முன்னே வைத்து அவர்கள் அமர்ந்திருப்பர். 1982-இல் அரசாங்கம் அவர்களுக்கு உரிமம் வழங்கும் விதிகளை ஏற்படுத்தியது. வந்தவர் கொண்டுவந்த தாய்ப் பத்திரத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதன் சொத்து விவரத்தைப் பார்த்துக்கொண்டே புதுத்தாளில் எழுதிச் செல்வது அவர்கள் முறை. 'எழுதி வாங்குபவர்' என்று அதில் இருந்தவர் இப்பொழுது 'எழுதிக் கொடுப்பவர்' ஆவார். அவர் கிரயம் பெற்ற பத்திரத்தின் எண்ணும் வருஷமும் 'எனக்குப் பாத்தியப்பட்ட விதமாவது' என்ற பகுதியில் ஏறும். மற்றவை பெரும்பாலும் அப்படியே இறங்கும். ஈற்றில் 'தயாரித்தவர்' என்று உரிம எண்ணுடன் அவர் கையெழுத்திடுவார்.

பார்த்தெழுதுதலாகிய இத்தொழிலில் நுட்பம் எங்கே இருந்தது என்று வினவலாம். எல்லையில் இருந்தது. பழம் பத்திரத்தில் இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு, வாய்க்காலுக்கு மேற்கு, இன்னார் நிலத்துக்கு வடக்கு, குளத்தங்கரைக்குத் தெற்கு, இதற்குட்பட்டது என்று இருக்கும். முப்பது வருஷத்துக்கு முன்னைய அந்த 'இன்னார்' இறந்திருப்பார். அவர் மக்கள் விற்றிருப்பார்கள். தேர்ந்த எழுத்தர் அவ்விடத்தில் பேனாவை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "அண்ணாச்சி, மேக்க இப்பவும் அவுக நெலந்தானா, கைமாறிட்டா?" என்று கேட்பார். வந்தவர் திகைத்தால், உடன் வந்த சாட்சியைக் கேட்பார். அவரும் அறியாவிட்டால், "போயி பாத்துட்டு நாளைக்கு வாங்க" என்று தாளை மடித்து வைத்துவிடுவார். கேளாத எழுத்தரிடம் பழைய பெயரே மீண்டும் இறங்கும். ஒருமுறை கிழக்கு மேற்காகப் பிறழ்ந்துவிட்டால், அடுத்த கிரயத்திலும், அதற்கடுத்த செட்டில்மெண்டிலும், பாகப்பிரிவினையிலும் அப்பிறழ்வு பயபக்தியோடு பேணப்படும். பிழைதிருத்தல் பத்திரம் என்று ஒருவகைப் பத்திரம் தனியே வழங்கிவருவதே இதற்குச் சான்று. அதனை எழுதிக் கொடுக்க வேண்டியவர் காலமாகியிருந்தால், அவர் வாரிசுகளைத் தேடிச் செல்ல வேண்டிய தொல்லையும் வாங்கினவரையே சேரும்.

இருபதாம் நூற்றாண்டின் முடிவில் பதிவுத் துறைக்குக் கணினி வந்தது. கையால் நகல் எழுதும் வழக்கம் மறைந்து பத்திரத்தின் பக்கங்களைப் படம்பிடித்துச் சேமிக்கும் முறை ஏற்பட்டது. 2018 பிப்ரவரியில் 'ஸ்டார் 2.0' என்ற பெயரால் முழுதும் இணையவழிப் பதிவு தொடங்கியபோது, துறையின் இணையதளத்தில் கிரயம், தானம், அடைமானம், பாகப்பிரிவினை, பொது அதிகாரம் முதலியவற்றுக்கு மாதிரி ஆவணங்கள் தமிழிலேயே வைக்கப்பட்டன. இனி ஒருவர் தம் வீட்டிலிருந்தே பத்திர வகையைத் தெரிந்து, இரு தரத்தாரின் பெயரும் விலாசமும் சர்வே எண்ணும் பரப்பும் நாற்புறத்து எல்லையும் கட்டங்களில் நிரப்பினால், முழு வாசகமும் தானே ஒழுங்காகி ஒரு வரைவாக வெளிவரும். பல தலைமுறை எழுத்தர்கள் பார்த்துப் பார்த்து எழுதிச் செறித்த வாசகத்தையே இயந்திரம் இப்பொழுது கோத்துத் தருகிறது. கரணத்தானின் நினைவிலும் கோயிற்சுவரிலும் இருந்த மாதிரியைச் சாமானிய ஜனங்களின் கைக்கு எட்டவைத்ததை நாம் பெரிய காரியமென்றே கருதுகிறோம். எழுத்தரை நாடாமலே பத்திரம் முடிக்கலாம் என்ற எண்ணத்தில் இது செய்யப்பட்டது. ஆயினும் இணையக் கட்டங்களைப் பிறர்க்காக நிரப்பிக் கொடுப்பதும் அதே எழுத்தர்களின் வேலையாகவே பெரிதும் முடிந்திருக்கிறது. சாய்வுப் பெட்டி இருந்த இடத்தில் மடிக்கணினி இருக்கிறது. கட்டத்தில் எல்லை எழுதப்பட்டிருக்கிறதா என்று இயந்திரம் பார்க்கும். மேற்கே நிலம் கைமாறிற்றா என்று அது கேட்பதில்லை.

பத்திரம் எளிதில் உருவாகத் தொடங்கியதும் தாய்ப் பத்திரத்தைப் பற்றிய கவலை அரசாங்கத்துக்கு மிகுந்தது. சொத்தை எழுதிக் கொடுப்பவர் தமக்கு உரிமை வந்த மூலப் பத்திரத்தை அசலாகவே பதிவதிகாரியிடம் காட்ட வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55-ஏ என்ற விதி 2022-இல் சேர்க்கப்பட்டது. அசல் தொலைந்தோர்க்கும், பூர்வீகமாக அனுபவித்து வருவதன்றிக் கையில் ஓலை ஏதும் இல்லாதோர்க்கும் இது பெருந்தடையாயிற்று. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. 2025 ஏப்ரலில் அந்நீதிமன்றம், எழுதிக் கொடுப்பவர்க்கு உரிமை உண்டா இல்லையா என்று ஆராய்வது பதிவதிகாரியின் வேலையன்று என்று கூறி, அவ்விதியின் முதற்பகுதி 1908-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு முரணானது எனத் தள்ளிவிட்டது. விதியால் முடியாததைச் சட்டத்தாலேயே முடிக்கக் கருதி, அம்மாத இறுதியிலேயே தமிழ்நாட்டுச் சட்டமன்றம், அசல் முன் ஆவணத்தைக் காட்டுவதைக் கட்டாயமாக்கும் திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்றிற்று.